நான்காம் டம்ளர்

லிஃப்டக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. அதில் பதினேழு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தே போய்விட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையில் நிம்மதியாகத் தூங்குகிறது. தெருவில், வேலை பார்க்கும் இடத்தில், கட்டிக்கொடுத்த வீட்டில்கூட அவள் லிஃப்டக்காதான். நடு மாடியில் ஆளோடு லிஃப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தால், போனதும் மின்சாரத்தை நிறுத்துவாள். உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, கைச்சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியைத் தளத்துக்கு நேராகக் கொண்டுவருவாள். பிறகு இறங்கி வந்து முக்கோணச் சாவியால் கதவைத் திறப்பாள். திறந்ததும் சிலர் நன்றி சொல்வார்கள், சிலர் திட்டித் தீர்ப்பார்கள். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பதிவேட்டில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அவள் மந்திரவாதி. தையல்காரரின் கடை அன்று விடுமுறை. துணி வெட்டும் நீள மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் அவளுடைய தம்பி கதையைச் சொல்லுவான்: குகை, பாலம், பாலத்துக்கு அடியில் என்ன பதுங்கியிருக்கிறது என்றெல்லாம். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். பகடை விழுந்தபடி நடக்கும். கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் நாத்தனார் வாள்வீராங்கனை. நீரிழிவும் மூட்டுவலியும் உள்ள தையல்காரர் அங்கே மரத்துக்கு மரம் தாவும் வில்லாளி. பாத்திரங்களைக் காட்டும் பொம்மைகளுக்குப் பதில் மேசையில் ஆளுக்கொரு பொத்தான். மூன்று வருடமாக இந்தக் கூத்து நடக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் வேலையில்லாதவர்கள் என்றுதான் தோன்றும். நாலு பேருக்கும் வாரத்தில் ஆறு நாள் முதுகு ஒடிய வேலை.

மந்திரவாதி ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் போடலாம் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்கு விதிப்புத்தகத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர். இந்த மேசையில் அதற்கு டம்ளர் என்று பெயர். சின்ன மந்திரத்துக்கு ஒன்றாம் டம்ளர், பெரிய மந்திரத்துக்கு மூன்றாம் டம்ளர். ஊற்றினால் காலி. தூங்கி எழுந்தால்தான் மறுபடி நிரம்பும். சின்ன மந்திரத்தைப் பெரிய டம்ளரில் ஊற்றலாம், அதன் வேகம் கூடும். பெரியதைச் சின்னதில் ஊற்ற முடியாது. இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

அவளுடைய மந்திரவாதி ஆறாம் படியில் இருந்தாள். ஏழாம் படி ஏறினால் நெருப்புச் சுவர் என்ற நான்காம் டம்ளர் மந்திரம் கிடைக்கும். மலைக்குகையில் இருக்கும் கிழட்டு டிராகனை மடக்க அதைவிட்டால் வேறு வழியில்லை. இதற்காகத்தான் மூன்று பேரும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். படி ஏறும் நாள் வந்தது. தன் வித்தையில் ஏறாமல் வேறொரு வித்தையில் முதல் படி எடுக்கவும் விதி இடம் கொடுக்கும். லிஃப்டக்கா, மந்திரத்தில் ஏறவில்லை, வைத்தியத்தில் முதல் படி எடுக்கிறேன் என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது மேசையில் யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றது. உள்ளே ஒரே ஆள். அவள் போய்ப் பதினோரு நிமிடத்தில் கதவைத் திறந்தாள். அந்த மனிதர் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உதடு நீலம் பாரித்திருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். பின்னால் இருபது பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அத்தனை பேரும் நின்றதுதான் மிச்சம். அவர் பிழைக்கவில்லை. கதவை விரைவாகத் திறந்ததற்காக அவளுக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதை அவளால் படித்து முடிக்க முடியவில்லை. வீட்டில் கேட்டவர்களிடம், கதவைத் திறந்தேன், வேலை முடிந்தது என்று மட்டும் சொன்னாள். ஆனால் இன்னொரு தடவை அப்படி நிற்கக் கூடாது என்ற எண்ணம் அவள் நெஞ்சில் ஆணியடித்த மாதிரி இறங்கிவிட்டது. முதலுதவிப் பயிற்சிக்கான விண்ணப்பத்தை வாங்கிப் பையிலேயே வைத்திருந்தாள். இந்த வயதில் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் உட்காருவதா என்று கூச்சம். அதனால் முதலில் மேசையில் தன் பொத்தானை அனுப்பிப் பார்த்தாள்.

அவள் ஒன்றும் தெரியாமல் குதிக்கவும் இல்லை. புத்தகத்தைப் படித்திருந்தாள். மந்திரம் ஆறு, வைத்தியம் ஒன்று, கூட்டினால் ஏழு. அட்டவணையில் ஏழாம் வரியில் நான்காம் டம்ளர் இருந்தது. ஆக வைத்தியமும் வந்தது, நெருப்புச் சுவரும் வந்தது என்று குஷியாகிக் குறிப்பேட்டில் நெருப்புச் சுவரைப் பேனாவால் எழுதியே விட்டாள். விளையாட்டுக் குறிப்பை யாராவது பேனாவால் எழுதுவார்களா? பதிவேட்டுப் பழக்கம்.

தம்பி விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். அவன் குறிப்பேட்டைப் பார்த்துச் சிரித்தான். அட்டவணையைக் கூட்டிப் பார்ப்பது டம்ளருக்கு மட்டும்தான், மந்திரத்துக்கு இல்லை என்று விளக்கினான்.

"டம்ளர்தான் பெருசாகும்க்கா. ஊத்துறது பெருசாகாது."

அவள் நெருப்புச் சுவரின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டாள், பதிவேட்டில் பிழை திருத்துகிற மாதிரியே. சரி, வைத்தியம் ஒன்று அப்படியே இருக்கட்டும் என்றாள்.

மேசை கொதித்தது. பாதி சட்டையும் பாதி பாவாடையுமாகத் தைத்துக் கொடுத்தால் எவன் போடுவான் என்று தையல்காரர் கேட்டார். ஏழாம் படியில் ஒருத்தி இருப்பதற்குப் பதில் ஆறில் ஒருத்தி, ஒன்றில் ஒருத்தி என்றால் இரண்டும் அரைகுறை என்று தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். நாத்தனார்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு இதுதான் பலனா என்றாள்.

"ஒரே ஒரு படி அண்ணி. டிராகன் போகட்டும். அப்புறம் நீங்க வைத்தியரா ஆனா என்ன, வாத்தியாரா ஆனா என்ன, யார் கேக்கப் போறா?"

நாத்தனார் நியாயமாகத்தான் கேட்டாள். லிஃப்டக்கா நியாயம் பேசவில்லை, நெஞ்சில் இருந்ததைச் சொன்னாள்.

"அன்னிக்குக் கதவைத் திறக்கத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் என்ன பண்ணணும்னு தெரியல. அந்த ஆள் என்னையே பாத்துட்டிருந்தார். நான்தான் காப்பாத்துவேன்னு நெனச்சிருப்பார். சாவியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

தையல்காரர் மேசையில் கிடந்த சுண்ணக்கட்டியை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார், மறுபடி இந்தப் பக்கம் வைத்தார். நாத்தனாருக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் அவள் சம்மதித்தாள் என்று சொல்ல மாட்டேன். கோபத்தை நிறுத்தினாள், அவ்வளவுதான். யாருடைய பொத்தானோ அவர்கள் முடிவு என்பது அந்த மேசையின் வழக்கம். தம்பி எழுதிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்துக் குகைக்குள் போனார்கள். நெருப்புச் சுவர் இல்லாத குறை முதல் சுற்றிலேயே தெரிந்தது. மடங்க வேண்டிய டிராகன் இஷ்டத்துக்குப் பறந்தது. நாத்தனார் இரண்டு தடவை அதன் இறக்கையைக் கிழித்தாள். லிஃப்டக்கா டம்ளர்களை ஒவ்வொன்றாக ஊற்றித் தீர்த்தாள். கடைசியில் நான்காம் டம்ளர் ஒன்றுதான் மிஞ்சியது. அந்த நேரம் பார்த்து டிராகனின் வால் வில்லாளியை அடித்துச் சாய்த்தது.

விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் உயிருக்காகப் பகடை உருட்ட வேண்டும். மூன்று தடவை தவறினால் கதை முடிந்தது. தையல்காரர் இரண்டு தடவை தவறிவிட்டார். மூன்று வருடம் வளர்த்த ஆள். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

லிஃப்டக்காவின் முறை வந்தது. டிராகனும் குற்றுயிராகத்தான் இருந்தது. அவளுக்குத் தெரிந்த தீக்கோளத்தை நான்காம் டம்ளரில் ஊற்றினால் அது சாம்பல், மலையும் புதையலும் இவர்கள் கையில். தம்பி கதை சொல்பவன் என்பதையே மறந்து, தீதானே என்று கேட்டான். நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டாள். தையல்காரரே சொன்னார்.

"என்னை விடும்மா. அதக் கொளுத்து. எல்லாரும் பொழச்சுப் போங்க."

"ஆள் முதல்ல," என்றாள் அவள். "வைத்தியத்துல ஒண்ணாம் மந்திரம். நாலாம் டம்ளர்ல ஊத்துறேன்."

பகடையில் விழும் எண்தான் வில்லாளிக்குத் திரும்பும் உயிர். ஒன்றாம் டம்ளரில் ஊற்றியிருந்தால் பகடை ஒரு தடவைதான். நான்காம் டம்ளர் என்பதால் நான்கு தடவை. எட்டு முகப் பகடை அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதையே திரும்பத் திரும்ப உருட்டினாள். ஒன்று விழுந்தது. பிறகு இரண்டு. நாத்தனார் உச்சுக் கொட்டினாள். பிறகு ஐந்து, பிறகு மூன்று. அவள் மனத்திறனுக்கு ஒரு மூன்று சேர்த்துப் பதினான்கு. வில்லாளி எழுந்து உட்கார்ந்தான். அடுத்த நொடி டிராகன் குகை வாசலை நோக்கிப் பறந்தபடியே கடைசியாக ஒரு மூச்சு நெருப்பை உமிழ்ந்தது. அதில் வில்லாளிக்கு எவ்வளவு உயிர் போகும் என்று தம்பி உருட்டிக் கூட்டினான். பதின்மூன்று.

வில்லாளியிடம் மிச்சம் ஒன்று. ஒன்று இருந்தால் உயிரோடு இருப்பதாகத்தான் விதி. தம்பி இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தான். சின்ன டம்ளர் என்றால் எவ்வளவு நல்ல பகடை விழுந்தாலும் பதினொன்றைத் தாண்டியிருக்காது. அதை அவன் வாய்விட்டே சொன்னான், கொஞ்சம் வெட்கத்தோடு.

டிராகன் தப்பிவிட்டது. புதையல் இல்லை, மலை இல்லை. தையல்காரர் மட்டும் தன் பொத்தானைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கிட்டத்தட்ட மூன்று மாதத்தில் முதல் தடவை, ஒளிவு மறைவில்லாத சந்தோஷம்.

உயிரோடு திரும்பியதற்காக ஆளுக்கு ஒரு படி என்று தம்பி அறிவித்தான். பென்சிலை எடுத்துக்கொண்டு, இப்போதாவது மந்திரம் ஏழா என்று அக்காவைக் கேட்டான். டிராகன் திரும்பி வரும், நெருப்புச் சுவர் இன்னும் ஒரு படி தூரத்தில்தான் இருந்தது.

"வைத்தியம் ரெண்டு."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். தம்பி வாயைத் திறந்தான்.

"எழுதுங்க தம்பி," என்றார் தையல்காரர். "சொன்னத எழுதுங்க."

மறுநாள் காலை வேலைக்குப் போனதும், பழுதுக் கருவிகளை எடுப்பதற்கு முன்னால், அவள் மேலாளர் மேசையில் ஒரு படிவத்தை வைத்து நின்றுகொண்டே நிரப்பினாள். சனிக்கிழமைகளில் ஆறு மாதத்துக்கு வேலைமுறையை மாற்றித் தர வேண்டும். மேலாளர் அதெல்லாம் கஷ்டம் என்று ஆரம்பித்தார். அவள் நிமிரவில்லை. காரணம் என்று இருந்த இடத்தில் பேனாவை அழுத்தி, 'கதவைத் திறந்த பிறகு செய்ய வேண்டியதைப் படிக்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.