தேதியக்காவும் ஒரு ஜோடி கறுப்பு ஷூவும்

"என் உயிர் இருக்கிற வரைக்கும் என் கையால ஒரு தேதியைக்கூடத் தப்பா எழுத மாட்டேன்! வேணும்னா பாருங்க!"

வரலாற்று முதுகலை வாய்மொழித் தேர்வில் மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் மேசையைத் தட்டி நம் தேதியக்கா இப்படி முழங்கினார். அவர்கள் கேட்டிருந்த கேள்வி, "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கட்டுமா?" என்பதுதான்.

வரலாறு படித்தால் எங்கே போகலாம் என்று அப்போது வீட்டில் பெரிய மாநாடே நடந்தது. "மியூசியத்துக்குப் போகலாம், டிக்கெட் வாங்கிட்டு" என்றார் தேதியக்காவுடைய அக்காவின் புருஷன். கடைசியில் தேதியக்கா போய்ச் சேர்ந்த இடம், பேருந்து நிலையத்தின் பின்னால், டயர் கிடங்கை ஒட்டிய தொலைந்த பொருள் அறை. பதினேழு வருடமாக ஆராய்ச்சி அங்கேதான்.

ஆராய்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். குடை தேடி வந்தவரிடம், அன்று மழை பெய்ததா, பெய்ததென்றால் குடையை எப்படி மறந்தீர்கள், பெய்யவில்லை என்றால் எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று விசாரணை நடக்கும். பாதிப் பேர் "குடையே வேணாம் தாயே" என்று கும்பிட்டுவிட்டு நனைந்தபடி போயிருக்கிறார்கள். வீட்டிலும் சலுகை கிடையாது. "கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு" என்று கணவர் பெருமூச்சு விட்டால், "பத்தொன்பது வருஷம் நாலு மாசம். மிச்ச எட்டு மாசப் பெருமூச்சை உள்ள இழுத்துக்குங்க" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரைக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், காலில் ரப்பர் செருப்பு.

"மேடம், நேத்து பஸ்ல என் ஷூவ விட்டுட்டேன். கறுப்பு. புதுசு."

"எந்த பஸ்?"

"நீலக் கலர் பஸ்."

"எல்லா பஸ்ஸும் நீலம்தாங்க."

"அந்த நீலம்தான் மேடம்." பிறகு குரல் இறங்கியது. "மூணு மணிக்கு ஹோட்டல்ல வாட்ச்மேன் வேலைக்கு இன்டர்வியூ. ஷூ இல்லாம உள்ளயே விட மாட்டாங்களாம். எட்டு மாசமா வீட்லயே உக்காந்திருக்கேன்."

தேதியக்கா பதிவேட்டைப் புரட்டினார். நேற்று வந்து சேர்ந்தவை: குடை இரண்டு, சாப்பாட்டுப் பை மூன்று, பல்செட் ஒன்று. ஷூ இல்லை. அலமாரியில் மட்டும் ஒரு கறுப்பு ஜோடி இருந்தது. அதில் கட்டியிருந்த சீட்டுப்படி, கிடைத்து ஐந்து மாதம் ஆகிறது. யாரும் கேட்டு வராததால் மறுநாள் பழைய சாமான் வண்டியில் ஏற்றியாக வேண்டும். விதிப்படி ஒரு பொருள் சொந்தக்காரரிடம் போகலாம், இல்லையென்றால் வண்டிக்குப் போகலாம். மூன்றாவது வழி கிடையாது.

"இதேதான் மேடம்!"

"புதுசுன்னீங்க. குதிகால் தேஞ்சிருக்கே?"

அவரும் குனிந்து பார்த்தார். "நான் கொஞ்சம் ஜாஸ்தி நடப்பேன்."

"இவ்வளவு தூசி?"

"நேத்து நல்ல காத்து, மேடம்."

இதைவிட நோஞ்சான் சாட்சியம் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்ததெல்லாம் தேதியக்காவின் தலைக்குள் எழுந்து நின்று கூச்சல் போட்டது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பது.

"போட்டுப் பாருங்க."

போட்டார். நடந்தால் குதிகால் வெளியே வந்தது. "கச்சிதம் மேடம்" என்றார். கண்ணை மட்டும் தூக்கவில்லை.

தேதியக்கா பழைய செய்தித்தாளைக் கிழித்து, சுருட்டி, இரண்டு ஷூவின் முனையிலும் திணித்துக் கொடுத்தார். சீட்டைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. லேஸ இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓடுங்க. பஸ்ஸ விட்டு இறங்கும்போது கால்ல ஷூ இருக்கான்னு பாத்துக்குங்க."

அவர் போனதும் பதிவேட்டில் நேற்றைய பக்கத்தைத் திறந்தார். பல்செட்டுக்குக் கீழே, முத்து முத்தான எழுத்தில், 'கறுப்பு ஷூ, ஒரு ஜோடி' என்று எழுதினார். கிடைத்த நாள் என்ற கட்டத்தில் நேற்றைய தேதியைப் போட்டு, மை காயும்வரை ஊதினார்.