முதல் ஹயருக்கு முன்னால்

முதல் ஹயருக்கு ஆள் ஏறும்வரை அழகையா அண்ணன் ஒரு வாய் சாப்பிடமாட்டார். மனைவி மூக்காயி கட்டித்தரும் ரொட்டியும் சம்பலும் ஹேண்டிலில் ஒரு ஷொப்பிங் பையில் ஆடிக்கொண்டிருக்கும். கண்டி மஹய்யாவ ஆட்டோ தரிப்பிடத்தில் மற்றவர்கள் பால் சேர்க்காத பிளேன்டி குடித்துக்கொண்டிருக்க, இவர் முன் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்ததையே திரும்பவும் துடைப்பார். "வண்டிக்கு மொத ஓட்டம் கெடைக்கணும். பொறவுதான் எனக்கு வாயி," என்பார். மீட்டருக்குப் பக்கத்தில் விரலளவுப் பிள்ளையார் அவரையே பார்த்தபடி இருப்பார்.

வயது ஐம்பத்து மூன்று. கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. ஹோர்ன் அடிப்பது பிடிக்காது. நாய் குறுக்கே படுத்திருந்தால் அது எழும்பும்வரை காத்திருப்பார். மேட்டில் ஏறும்போது "வா ராசா, வா வா" என்று வண்டியைக் கெஞ்சுவார்.

நீரிழிவு வந்து நான்கு வருடமாகிறது. கிளினிக்கில் 'சாப்பாட்டுக்கு அரைமணி முன்' என்று தந்த குளிசையை ஆறு மணிக்கே விழுங்கிவிடுவார். முன்பெல்லாம் ஆறரைக்கு யாராவது ஏறிவிடுவார்கள். ஃபோனில் கூப்பிடும் வண்டிகள் வந்தபிறகு ஒன்பதானாலும் ஆள் வருவதில்லை. குளிசை தன் வேலையைச் செய்துவிடும். ரொட்டி பையிலேயே இருக்கும்.

ஒன்பது மணி அழகையா வேறு ஆள். வியர்வையில் சட்டை ஒட்டும், நாக்கு குழறும், காரணமில்லாமல் ஏசுவார். தன் சீனி வருத்தத்தை யாரிடமும் சொன்னதில்லை. "சீக்காளி வண்டியில எவன் ஏறுவான்?" என்ற பயம். தரிப்பிடத் தலைவர் மோகனராஜ் வேறு முடிவுக்கு வந்திருந்தார். "விடிஞ்சதுமே தண்ணியாண்ணே? இன்னொரு கம்ப்ளைன் வந்தா ஸ்டாண்டுலருந்து ஒங்க நம்பர எடுத்துருவேன்." தினமும் அந்தத் தரிப்பிடத்தைத் தாண்டிப் போகும் நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். படித்த நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சென்ற மாதம் பல்லேகலவில் எனக்கொரு நேர்முகத் தேர்வு. அன்று அவருடைய முதல் ஹயர் நான்தான். மணி ஒன்பதே கால். "ஒங்கள எறக்கிட்டுத்தான் தம்பி சாப்பாடு," என்று கிளம்பினார். திரும்பவேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. தெல்தெனியப் பக்கம் போய்க்கொண்டே இருந்தார். கூப்பிட்டேன். வண்டி நடுக்கோட்டைத் தாண்டியது, எதிரே பஸ். தோளைப் பிடித்து உலுக்கினேன். எப்படியோ இடப்பக்கம் ஒடித்து ஒரு தேநீர்க்கடை முன் நிறுத்தினார். நான் முதலில் செய்தது, குனிந்து அவர் மூச்சை முகர்ந்தது. சாராய வாடை இல்லை.

கடைக்காரப் பெண் ஜஹானா வந்து அவர் நெற்றியைத் தொட்டார். "குளுந்து வேர்க்குது. ஒடம்புல சீனி எறங்கிட்டு. எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் வரும்." ஒரு கிளாஸ் பிளேன்டியில் நான்கு கரண்டி சீனியைக் கொட்டிக் கலக்கிக் கொண்டுவந்தார்.

அந்த நிலையிலும் அழகையா வாயை இறுக மூடிக்கொண்டார். "சுகரு... எனக்கு ஆகாது..."

"இப்ப இதக் குடிக்காட்டித்தான் ஆகாது, நானா. குடிங்க!"

ஜஹானா அண்ணன் முறை வைத்து 'நானா' என்று அதட்டியதில்தான் குடித்தார். கால்மணி நேரத்தில் கண் தெளிந்தது.

"இது எந்த எடம் தம்பி?"

சொன்னேன். திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார்.

"நீங்க மட்டுந்தானே இருந்தீங்க? புள்ளகுட்டி யாரும் இல்லியே?"

இல்லை என்று இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

மறுநாள் மோகனராஜிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். "அட, வெறும் வயித்தோட ஆட்டமா இது! சொல்லித் தொலைக்கிறதுதானே!" என்று தலையில் அடித்துக்கொண்ட மோகனராஜ், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இனிமே சாப்புட்டுத்தான் வரிசையில நிக்கிறீங்க. இல்லாட்டி சாவியக் குடுத்துட்டுப் போங்க."

நேற்றுக் காலை ஆறரைக்குத் தரிப்பிடம் பக்கமாகப் போனேன். யாரும் இன்னும் ஏறவில்லை. அழகையா அண்ணன் மடியில் ரொட்டிப் பொட்டலம். பிரித்தார், மூடினார், மறுபடி பிரித்தார். பிறகு கையை நீட்டி, மீட்டருக்குப் பக்கத்திலிருந்த பிள்ளையாரை மெதுவாக ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, முதல் துண்டைப் பிய்த்தார்.