பாலத்தை உடைத்த குதிரைக்காரனும் என் மனுசனும்

மூன்று வருடங்களுக்கு முந்திய மாரி காலம். கிளிநொச்சியில், ஆஸ்பத்திரியின் இரத்தம் சுத்திகரிக்கும் பகுதியில் நடந்தது இது.

என் கணவருக்குச் சீனி வருத்தம் முற்றி இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. கிழமைக்கு இரண்டு தரம் அக்கராயனிலிருந்து பஸ் ஏறிப் போவோம். அவர் மெசினோடு கட்டிலில் கிடப்பார், நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். அங்கே அவரவருக்கு என்று நாளும் கட்டிலும் உண்டு. அதனால் பக்கத்துக் கட்டில்காரரும் மாறமாட்டார். கொஞ்ச நாளில் அயலட்டைப் பழக்கம் வந்துவிடும். யார் வீட்டில் என்ன கறி, யாருக்கு மருமகளோடு சண்டை, எல்லாம் தெரியவரும்.

எங்களுக்கு வாய்த்த அயல், தர்மபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. கொரிய நாடகம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதிலும் இந்தக் காலத்துப் பெண் அந்தக் காலத்துக்குப் போய்க் காதலிக்கிற நாடகம்தான் வேண்டும். எல்லாம் தமிழில் குரல் கொடுத்தவை. காதில் மாட்டிக் கேட்கமாட்டார். மெசின் சத்தம் போட்டால் தனக்குக் கேளாது என்று பயம். ஆகவே அந்த வரிசை முழுவதும் கொரியக் காதலைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஊசி ஏற்றிய கையை அவர் அசைக்கக்கூடாது, மற்றக் கையில் பிறசர் பட்டி. போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, ஒரு பகுதி முடிய அடுத்ததை அமத்திவிடுவது என் வேலையாகிவிட்டது.

அப்போது ஓடிக்கொண்டிருந்த நாடகத்தில், நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருத்தி மழை நேரத்தில் ஒரு பழைய பாலத்தைக் கடப்பாள். கடந்தால் அரசர் காலம். அங்கே அரண்மனைக் குதிரைகளைப் பார்க்கும் ஒருவனோடு காதல். மழை பெய்தால் போவாள், மழை பெய்தால் வருவாள்.

என் மனுசன் முதலில் நக்கல் அடித்தார். "குதிரைச் சாணி அள்ளுறவன்ரை முகம் ஏன் இப்பிடிப் பால் மாதிரி இருக்கு?" என்று கேட்டு அக்காவிடம் பேச்சு வாங்கினார். இரண்டு கிழமை போகவில்லை, கட்டிலில் ஏற முதலே, "போன முறை பாலத்தடியில மழைக்குக் காத்துக்கொண்டு நிண்டவள், பிறகென்ன நடந்தது?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். வயலில் மழை பிந்தினால்கூட அந்த மனுசன் அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

எங்களுக்குள் வேறொரு இழுபறி இருந்தது. என் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று நான் நிற்கிறேன். இரத்த வகை ஒன்றுதான். மிச்சச் சோதனைகளைச் செய்து பார்க்கலாம், ஆனால் தாமதிக்காதீர்கள், உடம்பு இன்னும் இளைத்தால் ஒப்பரேசனைத் தாங்காது என்று டொக்டரும் சொல்லிவிட்டார். இவர் மறுக்கிறார். பிள்ளைகளுக்கு ஒரு ஆளாவது முழுசாக இருக்கவேண்டுமாம். அந்த ஒரு வசனத்தோடு என் வாயை அடைத்துவிடுவார். நியாயம் இல்லாத கதை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது என் உடம்பைப் பற்றிய கதை. அதில் என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கெஞ்சினேன், அழுதேன், பட்டினி கிடந்தேன். கல்லில் நார் உரிக்கிற வேலை. அவருக்கோ கால் வீக்கம் கூடிக்கொண்டு போனது.

ஒருநாள் அக்கா பொழுதுபோக்காக ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பாலம் எங்களுக்குக் கிடைத்தால் யார் யார் எங்கே போவது? தான் என்றால், ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்த நாளுக்குப் போவாராம். இந்த நோயில் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்களுக்குத்தான் அந்த ஆசை விளங்கும்.

என் மனுசன் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நான் இவவின்ரை அப்பாவிட்டைப் போவன். ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி, எனக்குப் பொம்பிளை தராதேங்கோ எண்டு சொல்லிப்போட்டு வருவன்."

அக்கா சிரித்தார். பிறசர் பார்க்க வந்த தாதி மிஸியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டக் காணியில் வயல் செய்தது. இவருடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. எங்கள் வயலில்தான் வேலை செய்தார்கள். நான் இவரைத்தான் கட்டுவேன் என்றபோது வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்பா என்னோடு கதைப்பதையே விட்டார். ஊர் வாய்க்கு வந்ததெல்லாம் பேசியது. எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் அப்பாவின் கையாலேயே தாலி எடுத்துக் கொடுக்கவைத்தேன். என் வாழ்க்கையில் நானே போராடி வென்றது அந்த ஒன்றுதான். அதைத்தான் இந்த மனுசன் போய் அழித்துவிட்டு வரப்போகிறாராம், அதுவும் என் நன்மைக்காக!

அன்றைக்குப் பஸ்ஸில் நான் ஒரு சொல் கதைக்கவில்லை. எனக்குத் தலையிடி என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்த தரமும், அதற்கடுத்த தரமும் தலையிடி மாறவில்லை.

நாடகம் கடைசிப் பகுதிக்கு வந்தது. அந்தக் காலத்திலேயே தங்கினால் அவள் நோயில் செத்துப்போவாள் என்று குதிரைக்காரனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவளிடம் மூச்சு விடவில்லை. ஒரு மழையில் தானும் அந்தப் பாலத்தைக் கடந்து, அவள் முதன்முதலாக வந்த நாளுக்கு முந்திய நாளுக்குத் திரும்பிப் போய், கோடரியால் அந்தப் பாலத்தையே உடைக்கிறான். இனி அவள் வரமாட்டாள், அவனைச் சந்தித்திருக்கவும் மாட்டாள். அந்தப் பக்கம் மழையில் குடையோடு ஒருத்தி நடந்து போகிறாள், அவனை யாரென்றே தெரியாமல். அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

என் மனுசனின் கட்டிலில் இருந்து ஒரு சத்தம்.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டானா அவன்?"

இவருக்குக் கோபம் வந்தால் மட்டும் மலையகத்துப் பேச்சு வந்துவிடும். ஊசி ஏற்றிய கையையும் தூக்கிவிட்டார். மெசின் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. மிஸி ஓடிவந்து கையைப் பிடித்து வைத்து, "அது நாடகம் ஐயா, அவன் கேக்காட்டி உங்களுக்கென்ன?" என்று ஏசினார். "கேக்கணுமில்ல? அவ உசுரு, அவகிட்டக் கேக்கணுமில்ல?" என்று இவர் இன்னும் அடங்கவில்லை.

சொன்ன பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்கா, நல்ல மனுசி, போனை நிற்பாட்டச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார். இவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சனம் குறைவு. வெளியே மழை. இரண்டு பக்கமும் வயல் வெள்ளக்காடாகக் கிடந்தது. அக்கராயனுக்குக் கிட்ட வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"நான் உன்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை, என்ன?"

"ஓம். கேக்கேல்லை."

"இப்ப கேக்கிறன்."

"தாறன்" என்றேன். அவர் சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நனைந்த மாட்டைப் பற்றி ஏதோ சொன்னார். ஜன்னலுக்கு வெளியே மாடு ஒன்றும் நிற்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் அதுவும் ஒரு கொரிய நாடகமாகியிருக்கும். சோதனைக்குப் போனோம். ஸ்கான் செய்த டொக்டர் திரும்பத் திரும்பப் பார்த்தார். எனக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம் சிறியதாம். மற்றதுதான் இவ்வளவு காலமும் என்னை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதைக் கொடுக்கவே முடியாது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். இல்லாத ஒன்றைத் தருவதற்கா இவ்வளவு சண்டை பிடித்தேன் என்று வெளி விறாந்தையில் இருந்து வாய்விட்டு அழுதேன். இவர் பக்கத்தில் வந்து இருந்து, "சரி, உன்ரை ஒண்டரையை நீயே வைச்சிரு" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

இன்றைக்கும் அதே பஸ், அதே கட்டில். வேறு யாரிடமிருந்தாவது கிடைக்குமா என்று பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். அக்கா இப்போது வேறொரு நாடகத்துக்கு மாறிவிட்டார். இதில் காலம் தாண்டுவது ஒரு சமையல்காரன். இவர் எல்லாப் பகுதியும் பார்க்கிறார், யாராவது யாரையும் கேட்காமல் தியாகம் செய்யப் புறப்பட்டால் உடனே ஏச்சுத்தான். வீட்டிலும் மாறிவிட்டார். வயலைக் குத்தகைக்கு விடுவதென்றாலும், மூத்தவளைப் படிக்க அனுப்புவதென்றாலும், "நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை.

போன கிழமை அக்கா என்னிடம் கேட்டார்: "எல்லாரும் சொல்லிச்சினம், நீர் மட்டும் சொல்லேல்லை. பாலம் கிடைச்சால் எங்கை போவீர்?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன், இவர் பக்கத்தில் கேட்டுக்கொண்டு கிடந்தார். உண்மையில் எனக்கு அரசர் காலமும் வேண்டாம், நோயில்லாத காலமும் வேண்டாம். அந்த மழை பெய்த பின்னேரம், அக்கராயன் பஸ்ஸில், "இப்ப கேக்கிறன்" என்று இந்த மனுசன் சொன்ன அந்த இருக்கையில் போய் இன்னொரு முறை இருந்துவிட்டு வந்தால் போதும்.