பெரட்டுக்களத்தில் ஒரு பிரெஞ்சுப் பாடம்

பாரிஸுக்கு நான் போனதில்லை; இனிப் போகிற உத்தேசமும் இல்லை. ஆனாலும் இந்த வயதிலும் யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால், ஒரு பிரெஞ்சு வினைச்சொல்லை நான், நீ, அவன் என்று வரிசையாக ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவேன். முடித்தல் என்பது அந்த வினை. ஒரு காரியம் நடப்பதற்கு முன்னாலேயே இன்னொரு காரியம் முடிந்துபோயிருந்தால் அதைச் சொல்வதற்கென்று பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காலம் வைத்திருக்கிறார்கள். நான் அப்போதே முடித்திருந்தேன், நீ அப்போதே முடித்திருந்தாய் என்று அது போகும். இந்தப் பாடத்தை என்னிடம் முதலில் கேட்டவர் என் டீச்சர் அல்ல. இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், விடியற்காலைக் குளிரில், நூறு பேருக்கு முன்னால் ஒப்பித்தேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த வயதில் நடக்கிற விசேஷம் ஒன்றுதான்: பேர் பதிவது. செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் பேர் ஏறிவிட்டால் புல்லுவெட்டில் தொடங்கி, கொழுந்துக் கூடையோடு காலம் ஓடிவிடும். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு கையை விரித்தபோது, அம்மா யாரையும் கேட்காமல் என்னை அட்டன் டவுனுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். அங்கே வயதான வெள்ளைக்கார சிஸ்டர் ஒருவருக்குப் பிரெஞ்சு தாய்மொழி. விருப்பமுள்ளவர்கள் படிக்கலாம் என்றார். நான் விரும்பினேன். அதே நேரத்தில்தான் தையல் வகுப்பும் நடந்தது என்பதை மறைப்பானேன்.

அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கும் தொழிற்சாலையில் வேலை. மலையில், தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்கு அடுத்தபடி அதிகாரம் செய்கிற கண்டாக்கு ஐயா ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, மகளுக்குப் பேர் பதிய வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்த பதில் உலகத்தில் ஒன்றுதான். “சரிங்க ஐயா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அம்மாவுக்கு அது அடுத்த லயத்துக்காரி மூலம்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா வந்து அடுப்பைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், குடிக்க ஒரு சாயத்தண்ணிகூடக் கேட்காமல் சுருண்டு படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மா எனக்குப் பள்ளிக்கூட வெள்ளைக் கவுனை மாட்டி, கையில் புத்தகப்பையைக் கொடுத்து, நேராகப் பெரட்டுக்களத்துக்கு அழைத்துப்போனாள். தினமும் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடி நின்று பேர் கொடுக்கிற இடம் அது. கம்பளியும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக நின்ற கூட்டத்தில் என் வெள்ளைக் கவுன் மட்டும் தனியாகத் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா வேண்டுமென்றேதான் அதை மாட்டியிருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

கண்டாக்கு ஐயா என் பேரை வாசித்தார். அம்மா ஓரடி முன்னால் போனாள்.

“அவ பள்ளிக்கூடம் போறாங்க ஐயா.”

அப்பன் சரியென்று சொல்லியாகிவிட்டதே என்றார் அவர்.

“பெத்தது நானுங்க.”

துரையும் அப்போது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தார். கண்டாக்கு ஐயாவுக்கு இனி விட்டுக்கொடுக்க முடியாது. லயத்துப் பிள்ளை படித்து என்னத்தைக் கிழிக்கப்போகிறாள், அங்கே அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று சத்தமாகக் கேட்டார். அம்மா என் முதுகில் கையை வைத்தாள்.

“சொல்லு பாப்பா. இன்னைக்கு என்ன பாடமோ அதைச் சொல்லு.”

அன்றைக்கு முதல் பாடவேளையில் அந்த வினைச்சொல்லை ஒப்பிக்க வேண்டியிருந்தது. வாயில் வேறு எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, “ஜாவே ஃபினி, தூ அவே ஃபினி, இல் அவே ஃபினி” என்று ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்தால் துரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவரும் இதற்காக அடி வாங்கியிருப்பார் போலும். கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, மிச்சத்தைத் தானே சொல்லப் புறப்பட்டார். “நூஸ்…” என்றார். அதோடு நின்றுவிட்டது.

தடுக்கினால் எங்கள் சிஸ்டர் கொஞ்ச நேரம் பொறுப்பார், பிறகு சரியானதைச் சொல்லிக்கொடுத்து, மறுபடி சொல் என்பார். எனக்குத் தெரிந்த முறை அதுதான். நானும் கொஞ்சம் பொறுத்தேன். “நூஸ் அவியோன் ஃபினி” என்று எடுத்துக்கொடுத்தேன். பிறகு விரலை உயர்த்தி, மறுபடி சொல்லுங்கள் என்று பிரெஞ்சிலேயே சொன்னேன். தோட்டத்துப் பெரிய துரை கைகட்டாத குறையாக மறுபடி சொன்னார்.

கொழுந்துக்காரிகள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதன்பிறகு களமே சிரித்தது. துரையும் சிரித்தார். அவரே கண்டாக்கு ஐயா கையிலிருந்த பென்சிலை வாங்கி என் பேரை அடித்துவிட்டு, பஸ் போய்விடும், ஓடு என்று தன் உடைந்த தமிழில் சொன்னார். சிரிக்காமல் நின்றவர், பென்சிலைப் பறிகொடுத்த அந்த ஒரே ஒரு ஆள்தான். அவரைப் பார்க்க எனக்கு நேரமில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

துரைக்கே பாடம் நடத்தியவள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் தலைகால் தெரியாமல் திரிந்தேன். ஜெயித்தது நான்தான் என்று நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து அம்மாவுக்கு உச்சிமலையில் வேலை விழுந்தது. பாறைக்கு மேலே, அட்டை மொய்க்கிற செங்குத்தான சரிவு. குற்றம் செய்தவர்களைத்தான் அங்கே அனுப்புவார்கள். மழைக்காலம் முழுக்க அவளுக்கு அங்கேதான் வேலை. ஒரு வார்த்தை தணிந்து கேட்டிருந்தால் கண்டாக்கு ஐயா கீழே இறக்கிவிட்டிருப்பார், அவள் கேட்கவே மாட்டேன் என்றுவிட்டாள் என்று பல வருஷம் கழித்து அப்பாதான் சொன்னார்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இருட்டோடு அம்மா போய்விடுகிறாள், எனக்குத் தலை பின்னிவிட ஆளில்லை என்பதுதான். நானே பின்னிய பின்னல் கோணிக்கொண்டு போய் வகுப்பில் கேலி பண்ணினார்கள். ஒரு சாயங்காலம் அம்மா அட்டை கடித்த காலில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெற்ற பிள்ளையைவிட அந்த மலை உனக்குப் பெரிதாகிவிட்டதா என்று கேட்டேன். அங்கே கொழுந்து நன்றாக இருக்கிறது என்றாள். எனக்கு அது போதவில்லை. மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.