ஓர்ப்படி வீட்டு மாடியில் வெயில்

என் கொழுந்தன் வீட்டு மாடியில் சோலார் பேனல் ஏறிய அன்று நான் பள்ளிக்கு விடுப்பு எடுத்திருந்தேன். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பொய். துணி காயப்போடும் சாக்கில் நான்கு முறை எங்கள் மாடிக்குப் போனேன். எட்டு பேனல்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். கொழுந்தன் மனைவி, எங்கள் பக்கத்தில் ஓர்ப்படி என்பார்கள், கீழே நின்று மோர் கலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, நீ சொன்னதுதான் நடக்குது பாரு" என்றாள். நான் சிரித்துவைத்தேன்.

அவள் சொன்னது உண்மைதான். புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் அணு மின்சாரம் வேண்டாம் என்று வாயைத் திறந்தவர்களில் நான் ஒருத்தி. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் தோழிகளோடு வேன் பிடித்துத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்துக்குப் போனேன். அங்கே அணு உலைக்கு எதிராக மீனவப் பெண்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இறால் உரித்துக்கொண்டே, "சங்கு ஊதுனா ஓடணும்னு சொல்லிக் குடுக்காங்க. எங்கிட்டு ஓடன்னு சொல்லிக் குடுக்கல" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தோடு திரும்பி வந்தேன். அதன் பிறகு பாகூர் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்தேன். வில்லியனூரில் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவில் சேர்ந்தேன். எங்களுக்கு வடக்கே, இதே கடற்கரையில்தான், ஒரு அணுமின் நிலையம் இருக்கிறது என்பதை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் வரைபடத்தில் காட்டினேன். ஊரில் எனக்கு அணு டீச்சர் என்று பெயர் விழுந்தது. கடையில் கரண்ட் போனால், "டீச்சர் வந்துட்டாங்க, அதான் போயிடுச்சி" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெயரை ஒரு நகையைப் போலப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் சோலார் போட முடியவில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது கிழக்குப் பாதி எங்களுக்கு வந்தது, மேற்குப் பாதி அவர்களுக்கு. எங்களுக்குத் தெற்கே பங்காளியின் மூன்று மாடி வீடு, அதை ஒட்டித் தென்னைகள். அவர்களுக்குத் தெற்கே வெறும் நெல் வயல். அளக்க வந்த ஆள் எங்கள் மாடியில் காலையிலிருந்து மதியம் வரை நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்து மணிக்கு மேல நிழல் வுழுந்துடுது டீச்சர். தென்னைய வெட்டுனாலும் அந்த மாடி வூடு நிக்குமே." அப்படிச் சொன்னவர் இறங்கிப் போகிற வழியில் பக்கத்து மாடியை ஒரு பார்வை பார்த்தார். "அது நல்ல எடம்" என்றார். அவர் போன பிறகும் நான் அந்த மாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓர்ப்படி பத்தாவது வரை படித்தவள். கல்யாணமான புதிதில் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். பிறகு அதை விட்டுவிட்டு வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள். பெரிய கிரைண்டர் இரண்டு, பெட்டி ஃப்ரிட்ஜ் ஒன்று. பாகூர், கிருமாம்பாக்கம் கடைகளுக்கெல்லாம் அவள் மாவுதான். ஒரு புயலில் நான்கு நாள் கரண்ட் இல்லாமல் மாவு முழுவதும் புளித்துப் பொங்கி, குழி தோண்டிக் கொட்டினாள். அதன் பிறகுதான் என்னிடம் வந்து கேட்டாள். நான் ஒரு மணி நேரம் பேசினேன். சூரிய ஒளி, காற்றாலை, யுரேனியம், கழிவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிரைண்டர் கல்லை வழித்துக்கொண்டே இருந்தாள். காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்தேன். மூன்று மாதத்தில் பேட்டரியோடு பேனல் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மகளிர் குழுப் பெண்கள் வந்தார்கள். கொம்யூன் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒரு பத்திரிகைக்காரர் வந்து, அவள் ஈரத்துணியால் பேனல் துடைப்பதைப் படம் எடுத்தார். என்னையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். பத்திரிகையில் அவளும் பேனலும் வந்தன. என் பங்குக்கு ஒரு முழங்கை மட்டும் வந்திருந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி அவள் கண்ணாடி போட்டு மாட்டினாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த முழங்கையில்தான் போய் நிற்கும்.

பொறாமை எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அது இவ்வளவு வேலை வாங்கும் என்று தெரியாது. காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பேன். மேகம் இருந்தால் மனம் லேசாகும். வாழ்நாளெல்லாம் சூரியனுக்காக வாதாடியவள், மழைக்கு வேண்டிக்கொண்டு பல் துலக்கினேன்.

அந்த வருடம் எங்கள் வில்லியனூர் குழு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தது. அணு உலை விரிவாக்கமும் யுரேனியச் சுரங்கமும் வேண்டாம், சூரிய மின்சாரம் வேண்டும் என்பது பொருள். குழுவை நடத்துகிறவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், எனக்கு ஃபோன் செய்தார். என்னைப் பேசச் சொல்லத்தான் என்று நினைத்து, "எவ்வளவு நேரம் சார்?" என்று நானே கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, இந்த முறை உங்கள் ஓர்ப்படியை அழைத்து வாருங்கள், செய்து காட்டியவர் பேசினால்தானே எடுபடும் என்றார். அழைப்பிதழ் வந்தது. அவள் பெயர் தடித்த எழுத்தில் நடுவில் இருந்தது. என் பெயரைத் தேடினேன். "மற்றும் பலர்" என்று போட்டிருந்தது.

அவளுக்கு மேடை பழக்கமில்லை. பயந்துபோய் என்னிடம் வந்தாள். "எழுதிக் குடுக்கா. நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்" என்றாள். சரி என்றேன்.

அந்த நான்கு பக்கத்தை எழுதியதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு அணுப்பிளவை நான் பட்டாணி வைத்து விளக்குவேன். யாருக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்பதுதான் என் பிழைப்பு. ஆனால் அவளுக்கு எழுதும்போது கதிரியக்க அரைவாழ்வுக் காலம் என்று ஆரம்பித்தேன். அயனியாக்கும் கதிர்வீச்சு, எரிபொருள் மறுசுழற்சி, நீள்கால உயர்நிலைக் கழிவு என்று அடுக்கினேன். ஒவ்வொரு வாக்கியமும் அரைப் பக்கம். எழுத எழுத அவள் எங்கே தடுக்கி விழுவாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தே அந்த இடத்தில் இன்னொரு சொல்லைப் போட்டேன்.

பத்து நாள் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அதைப் படித்தாள். இரண்டு முறை அர்த்தம் கேட்க வந்தாள். பேப்பர் திருத்துகிறேன் என்று சொல்லி வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எண்பது பேர் இருக்கும். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவள் பட்டுப்புடவை கட்டி மைக்குக்கு முன்னால் நின்று முதல் வாக்கியத்தை ஒப்பித்தாள். இரண்டாவதில் "கதிரியக்க" வரவில்லை. மறுபடி முயன்றாள். "கதிரிக்காய" என்று வாயில் வந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் பரவியது. அந்தச் சில நொடிகள் என் நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

அவள் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது எங்க அக்கா எழுதிக் குடுத்தது. அவங்க அதோ ஒக்காந்துனு இருக்காங்க. பல வருஷமா இத சொல்றவங்க அவங்கதான். எனக்கு நாக்கு திரும்பல. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்" என்றாள். வீட்டில் என்னை நீ என்பவள், அங்கே அவங்க என்றாள்.

பிறகு அவள் தன் அண்ணனைப் பற்றிப் பேசினாள். செல்லிப்பட்டில் பிறந்தவள் அவள். அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், வட மாநிலத்தில் லாரி ஓட்டினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவர் ஆறு வருடம் ஓட்டியது ஒரு யுரேனியச் சுரங்கத்தில், டிப்பர் லாரி என்பது எனக்குத் தெரியாது. பதினேழு வருடம் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவளிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

தார்ப்பாய் சரியாக மூடாத லாரியிலிருந்து வளைவுகளில் கல் உருளும் என்று அவள் சொன்னாள். அந்த ஊர்ப் பெண்கள் அதைப் பொறுக்கி அடுப்புக் கூட்டியிருக்கிறார்கள், சுவருக்கும் வைத்திருக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கழிவுச் சேறு கொட்டும் குட்டையில் மாடுகள் இறங்கிக் குடிக்கும். அவள் அண்ணனுக்கு அது என்ன கல் என்று மூன்றாவது வருடம்தான் தெரிந்திருக்கிறது.

"லீவுல வந்தா எங்க அண்ணன் தன் துணிய யாரையும் தொட வுடாது. மோட்டார் கொட்டாய்க்கு எடுத்துனு போயி அதுவே தொவைக்கும். நான் புடுங்குனா கையப் புடிச்சிக்கும். இன்னா அண்ணேன்னு கேட்டா சொல்லாது. ஒருநா சொல்லுச்சி. அங்க தோண்டுற கல்லுல கரண்ட் எடுக்கறாங்களாம். அந்த ஊருல பாதி வூட்டுல வெளக்கு இல்லியாம்."

மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"எங்க அக்கா என்கிட்ட ஒரு மணி நேரம் பேசுனாங்க. நான் கல்லு வழிச்சினே கேட்டுனு இருந்தேன். அப்பதான் எங்க அண்ணன் பாத்ததும் இவங்க சொல்றதும் ஒண்ணுன்னு புரிஞ்சிது. அதுக்கு அப்பறம் எனக்கு மாவு பெருசாத் தெரியல."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் இன்னும் ஓர் அடி உள்ளே போனது. இத்தனை வருடம் நான் படித்துப் பேசினேன். அவளுக்கு அது ரத்த உறவில் இருந்தது. மாடி வெயில் மட்டும் இல்லை, சொல்ல வேண்டிய கதையும் அவள் பாகத்தில்தான் விழுந்திருந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். அவர் பிள்ளை அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர் என்று சொல்லிவிட்டே கேட்டார். ஐப்பசி கார்த்திகையில் பத்து நாள் சேர்ந்தாற்போல் மழை பிடித்தால் உன் மாவு என்ன ஆகும் என்றார். அவள் மறைக்கவில்லை. அந்த நாட்களில் பாதிதான் வருகிறது, மீதிக்கு லைன் கரண்ட்தான், வெயில் உள்ள முற்பகலிலேயே கிரைண்டரைப் போட்டுவிடப் பழகிக்கொண்டேன் என்றாள். ஊருக்கே, நாட்டுக்கே எப்படி என்று அவர் விடாமல் கேட்க, "அது எனக்குத் தெரியாதுங்க. அக்காதான் சொல்லணும்" என்று என் பக்கம் கையை நீட்டினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்தேன். பல வருடங்களாக நான் காத்திருந்த கேள்வி அது. காற்றாலை, சேமிப்பு, மின்பாதை என்று எங்கோ ஆரம்பித்து எங்கோ போய்க்கொண்டிருந்தேன். வங்கிக்காரர் ஒரு துண்டுச் சீட்டை அனுப்பினார். "சுருக்கமாக" என்று எழுதியிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துதான் திரும்பினேன். ஏம்பலத்தில் டீ குடிக்க நிறுத்தினாள். "நீ கஷ்டப்பட்டு எழுதினத நான் கெடுத்துட்டேன்க்கா" என்றாள்.

"வேணும்னேதான் அப்படி எழுதினேன்" என்றேன்.

அவள் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். "தெரியும்க்கா. மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சிது."

"அப்ப ஏன் மனப்பாடம் பண்ண?"

"உன்கிட்ட கேட்டு வாங்கினேன். திருப்பிக் குடுத்தா நல்லா இருக்குமா?"

டீக்குக் காசை அவளே கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள். அவள் கோபப்பட்டாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. தினமும் சுவருக்கு மேலே நீளும் மாவுப் பாத்திரம் நீளவில்லை. ஒரு மாதம் நாங்கள் கடையில் மாவு வாங்கினோம். கடையிலும் அவள் மாவுதான் இருந்தது. வீட்டுக்காரர் என்ன சண்டை என்று கேட்டபோது நான் சொல்லவில்லை. அவளும் தன் வீட்டில் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன்னால் நானே போனேன். மன்னிப்பு கேட்கத் தெரியவில்லை. உன் அண்ணனைப் பார்க்க வேண்டும், என்னை அழைத்துக்கொண்டு போவாயா என்று கேட்டேன். கண்ணாடிக்குள் இருந்த என் முழங்கையையும் என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம போலாம்" என்றாள். செல்லிப்பட்டில் அவர் சங்கராபரணி ஆற்றங்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். இருமல் இருந்தது. அது எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. இரண்டு மணி நேரம் பேசினார். நான் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டேன். கடினமான சொல் ஒன்றும் சேர்க்காமல் அதை அப்படியே நோட்டீஸாகப் போட்டோம். பல வருடங்களில் நான் கொடுத்த நோட்டீஸ்களில், பஸ் ஸ்டாண்டில் கீழே கிடக்காமல் ஆட்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதிலும் என் பெயர் இல்லை. போட வேண்டாம் என்று சொன்னது நானேதான். சொல்லிவிட்டு இரண்டு நாள் வருத்தப்பட்டேன்.

போன வருடம் எங்கள் பள்ளி மாடிக்கும் பேனல் வந்தது. மனு எழுதி, மின்துறைக்கும் கல்வித்துறைக்கும் நான் அலைந்ததன் பலன் அது. யாரை வைத்துச் சுவிட்சைப் போடலாம் என்று தலைமையாசிரியை கேட்டார். நீங்களே போடுங்கள் டீச்சர் என்று அவர் சொல்வார் என்று ஒரு நொடி காத்திருந்தேன். அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர்ப்படியின் பெயரைச் சொன்னேன்.

அவள் அதே பட்டுப்புடவையில் வந்தாள். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவள் சுவிட்சைத் தட்டியதும் ஒன்பதாம் வகுப்பறையின் விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் தாமதமாக.