சுஐபு பாய் நின்ற இடம்

புதுமடத்தில் பிறந்தும் கடலுக்குப் பயந்த ஆண்பிள்ளை எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் சுஐபு பாய். முதுகுளத்தூர்க்காரனான நான் பயந்தாலாவது அர்த்தம் உண்டு. எங்கள் ஊரில் கண்மாயே பாதி வருஷம் வறண்டு கிடக்கும். இவர் கடற்கரையில் தவழ்ந்து வளர்ந்தவர். முழங்கால் ஆழத்தில் நின்று வீச்சுவலை வீசுவார், அழகாகவே வீசுவார். அதற்கு மேல் ஓர் அடி வைக்க மாட்டார். ஊரார் அவருக்கு ‘முழங்கால்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

கடல் தொழில் வேண்டாம் என்று வாலிபத்திலேயே இலங்கைக்குப் போனார். அதற்கும் கப்பலில்தான் போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போனாராம். நுவரெலியாவில் தோட்டத்துத் துரைமார் கோல்ப் ஆடும்போது மட்டைப் பையைச் சுமக்கும் வேலை. ஒருநாள் ஒரு துரையின் அடி ஏன் கோணலாகப் போகிறது என்று சொல்லப் போய், பையோடு கீழே தள்ளப்பட்டார். மறுநாள் வேலை இல்லை. அன்றிலிருந்து துரைமார் முன்னால் அவர் வாயைத் திறந்ததே கிடையாது.

1955-இல் உச்சிப்புளிப் பக்கம் சாலை போட வந்த இன்ஜினியர் சேதுராமனிடம் நான் குமாஸ்தா. மனிதருக்குக் கோல்ப் பைத்தியம். கடற்கரைக்கு வடக்கே கிடந்த பொட்டலில், சாயங்காலமானால் கிழக்குப் பார்த்து நின்று டிரைவர் என்னும் பெரிய மட்டையால் பத்துப் பந்து அடிப்பார். பந்து பொறுக்க ஆள் தேடியபோது, ஊர் திரும்பியிருந்த சுஐபு பாய் கிடைத்தார். கொடி நட்டால் காற்று சாய்த்துவிடும். அதனால் பாயையே இருநூறு கஜம் தள்ளி, தலையில் வெள்ளைத் துண்டோடு நிற்கச் சொன்னார் இன்ஜினியர். அந்த வெள்ளைத் துண்டுதான் அவருக்குக் குறி.

கேட்கிறவர்களுக்குப் பகீர் என்றிருக்கும். ஆனால் அந்தப் பொட்டலில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. இன்ஜினியர் அடித்த பந்து ஒன்றுகூடக் குறிக்குப் போனதில்லை. நேராகப் புறப்படும், நடுவழியில் வலப்பக்கம் வளைந்து கடற்கரைக்கு ஓடும்.

அந்தக் கடற்கரையில்தான் பாயின் மனைவி லத்தீபா அக்கா கருவாடு காயப்போடுவார். காய்ச்சலில் இரண்டு காதும் போனவர். கச்சான் காற்று மேற்கிலிருந்து மணலை வாரி அடிக்கும் மாதங்களில், கண்ணில் மண் விழாமலிருக்கப் பெண்கள் காற்றுக்கு முதுகு கொடுத்து உட்காருவார்கள். அதாவது, பந்து வரும் பக்கத்துக்கு முதுகு. பாய் கத்தினால் மற்றப் பெண்கள் எழுந்து ஓடிவிடுவார்கள். அக்காவுக்குக் கேட்காது; மண்ணுக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். வேறு இடம் பார்க்கவும் வழியில்லை. மணல் காய்ந்து கிடப்பது அந்தத் துண்டு மட்டும்தான், மற்றதெல்லாம் சதசதவென்று ஈரம். பந்து கல்லைப்போல் வரும் என்பதையே பாய் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வாரே என்று பயம். சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயம். ஒவ்வோர் அடிக்கும் பாய் பந்தைப் பார்க்க மாட்டார், மனைவியின் முதுகைத்தான் பார்ப்பார்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஓர் ஆனி மாதத்து மாலையில் பத்தாவது பந்து காணாமல் போனது. தேடி அலுத்து வீட்டுக்குப் போனால், அக்கா சிரித்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து அதை எடுத்து நீட்டினாராம். கழுவித் துடைத்துவேறு வைத்திருந்தார். எங்கே கிடந்தது என்று சைகையில் கேட்டதற்கு, தாம் பக்கத்திலேயே வைத்திருக்கும் ஓலைப்பெட்டியைக் காட்டினார். பெட்டியின் பக்கம் பொத்தலாகியிருந்தது. பழைய பெட்டி, இற்றுப்போயிற்று என்று அவர் நினைத்திருக்கிறார். பாய் அன்று சோறு தின்னவில்லை.

மறுநாள் அவர் தம் இடத்துக்குப் போகாமல் நேரே இன்ஜினியரிடம் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“தொரை கோவிச்சுக்கக் கூடாது. நீங்க கையால அடிக்கிறீக. தோளு முந்திக்கிட்டு வெலகுது, மட்டை குறுக்க இழுக்குது. அதான் பந்து வலத்த போகுது.”

இன்ஜினியர் மட்டையைக் கீழே ஊன்றினார். ‘அப்புறம்?’ என்றார்.

“வலை வீசுறாப்புல தொரை. பிடி எளக்கமா இருக்கணும். ஒடம்பு முழுசாத் திரும்பணும். இடுப்பு மொதல்ல வரும், கை பொறவு தானா வரும். கையால வீசுனா வலை விரியாது, பொத்துனு குமிஞ்சு விழும்.”

இன்ஜினியர் ஷூவைக் கழற்றினார். நான்கு நாள் மட்டையையே தொடாமல், பாயின் வலையை வாங்கிக் கரையில் வீசிப் பழகினார். குமிந்து குமிந்து விழுந்தது. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐந்தாம் நாள் வலை வட்டமாக விரிந்தது. உடனே மட்டையை எடுத்துவரச் சொன்னார்.

பாய் ஓடிப்போய்த் தம் இடத்தில் நின்றார், வழக்கம்போல் மனைவியின் முதுகைப் பார்த்தபடி. மட்டை பந்தில் பட்ட சத்தமே வேறாக இருந்தது. பந்து வளையவில்லை. நேரே வெள்ளைத் துண்டை நோக்கிப் போயிற்று. அடி நேரானால் அது யார்மேல் வரும் என்று எங்கள் மூவரில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. பந்து அவர் காலடியில் மணலைக் கிளப்பி விழுந்தது. பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இன்ஜினியர் பதறிப்போனார். மறுநாள் துண்டைக் கம்பில் கட்டி, ஆழமாகக் குழி தோண்டி நட்டோம். துண்டு காற்றில் படபடத்ததில் இன்ஜினியரின் கவனம் கலைந்தது. கவனம் கலைந்ததும் தோள் பழையபடி விலகியது. முதல் பந்தே வலப்பக்கம் வளைந்து, அக்காவுக்கு நாலு முழம் தள்ளி விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாய் விறுவிறுவென்று நடந்துபோய்க் கம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். நான் பின்னாலேயே ஓடி, இங்கே நிற்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு தம்பி. ஆனா எனக்குப் பந்து வாரது தெரியும்ல.”

இன்ஜினியர் தயங்கினார்; பாய்தான் அடிக்கச் சொல்லிக் கை காட்டினார். ஆட்டத்தையே நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அன்று கேட்டிருக்க வேண்டும். மேலதிகாரியிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்ஜினியர் மாற்றலாகிப் போகும்வரை ஏழு மாதம் பாய் அந்த இடத்தில் நின்றார். தொடையில் ஒரு தடவை, தோளில் ஒரு தடவை பந்து பட்டது. வழுக்கி விழுந்ததாக வீட்டில் சைகை காட்டினாராம். கடலுக்கே போகாத மனுஷனுக்கு இவ்வளவு காயமா என்று அக்கா சிரித்துக்கொண்டே எண்ணெய் தடவினாராம். டீக்கடையில் ஊரார், ‘முழங்கால்’ நொண்டிக்கொண்டு வருகிறார் பார் என்று கேலி செய்தார்கள். நானும் அங்கே உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.