பூண் பூட்டிய தூண்டில்

பரமசிவம் மீன் பிடிப்பதில் வல்லவர் என்று குன்னூரில் அவருடைய சம்பந்தி வீட்டார் அனைவரும் அறிவர். நெய்வேலியில் ஒருவரும் அறியார். குன்னூரில் சொன்ன பொய்யை நெய்வேலியில் சொல்லும் துணிவு அவருக்கு இல்லாததே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம்; முட்டை நுழைந்தறியாத அடுக்களை. நெய்வேலிச் சுரங்கத்தில் பொறியாளராகிக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில், தெருக்கோடியில் மீன்காரியின் குரல் கேட்டதுமே சன்னல் கதவைச் சாத்தியவர் அவர். அத்தகையவரை நோக்கி, மகள் விஜயகுமாரியைத் தம் மகனுக்குப் பெண் கேட்டு வந்த குழந்தைவேல் ஒரு கேள்வி கேட்டார். குழந்தைவேல் தேயிலைத் தோட்டத்து மேனேஜர். வெள்ளைக்காரத் துரைகளிடம் வேலையோடு அவர்களுடைய பொழுதுபோக்கையும் ஒருசேரக் கற்றுக்கொண்டவர்.

"ஜெர்மனியில ட்ரெய்னிங்ல இருந்தீங்களாமே! அங்க ஆத்துல ஈத்தூண்டில் போட்டதுண்டா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம" என்றார் பரமசிவம்.

உண்மையில் ஜெர்மனியின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விடுதியறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ரசம் வைத்தார், பனியன் துவைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஆற்றை அவர் கண்டது ரயில் சன்னல் வழியாக மட்டுமே. ஆயினும் அந்த விடையைக் கேட்டுச் சம்பந்தியின் முகம் மலர்ந்தது, தாம்பூலம் மாறியது, மகள் மலையேறினாள்.

ஈத்தூண்டில் என்பது புழுவைக் கோத்துக் காத்திருக்கும் எளிய தூண்டில் அன்று. இறகையும் நூலையும் ஈயின் வடிவாக முள்ளில் கட்டி, வளையும் கோலால் நீர்மேல் மெல்ல வீசி, உயிருள்ள பூச்சி வந்து அமர்ந்ததென மீனை மயக்கும் வித்தை அது. பசித்தவன் செய்யும் தொழிலன்று. உண்டு நிறைந்தவன் ஆடும் ஆட்டம். கடற்கரைப் பரதவரின் வலையையும் தூண்டிலையும் பழைய பாட்டுகள் பரிவோடு பாடின. சம்பந்தியிடம் மதிப்புப் பெறுவதற்காகத் தூண்டில் ஏந்தியவனைப் பாட ஒரு புலவனும் பிறந்திலன். இனிப் பிறக்கவும் வேண்டாம்.

பணியில் இருந்தவரை பரமசிவத்தைக் காத்தது சுரங்கம். சம்பந்தி அழைக்கும்போதெல்லாம், "லீவு கெடைக்கல, மைன்ஸ்ல பிரேக்டவுன்" என்று தப்பினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் துணைத் தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்று, டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே சொந்த வீட்டில் குடியேறினார். மாலையும் சால்வையும் தந்து அனுப்பியவர்கள் சுரங்கம் என்னும் அந்தக் கேடயத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரமே குழந்தைவேல் நேரில் வந்தார்.

"இனிமே ஷிப்டும் இல்ல, சங்கும் இல்ல. சித்திரையில வாங்க. அவலாஞ்சியில டிரவுட் மீன் பிடிப்போம். உங்க ஜெர்மன் கைவரிசையை நானும் பாக்கணும்லா?"

அவர் தெரு முனையைத் தாண்டியதும் மனைவி சுப்புலட்சுமி தொடங்கினாள்.

"உள்ளதைச் சொல்லிருங்க. கல்யாணம் முடிஞ்சு பிள்ளையும் பெத்தாச்சு. இனி யாரு என்ன செய்யப் போறா?"

"உனக்கு அந்த மனுஷனைத் தெரியாது. ஒண்ணு பொய்யின்னா, சொன்ன அத்தனையும் பொய்யிம்பாரு. அந்த வீட்டுல தலைகுனிஞ்சு நிக்கப் போறது நானா? விஜயாதான் நிக்கணும்."

"அது தெரிஞ்சும் தூண்டி வாங்கப் போறீகளாக்கும்! நல்லாருக்கு. ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுங்க."

அவர் முட்டுக் கொடுத்தார், அதுவும் இரும்பால்.

உதிரிப்பாகம் பார்வையிட ஜெர்மனிக்குச் சென்ற பழைய கீழதிகாரி ஒருவர், அவருடைய வேண்டுகோளுக்கிணங்க ஒரு கோலும் ரீலும் நூலும் இறகு ஈக்களும் வாங்கி வந்தார். கண்ணாடி நாரில் செய்த உள்ளீடற்ற கோல் அது. கையிலெடுத்தால் மயிற்பீலியின் கனம். அசைத்தால் ஆற்றங்கரை நாணலின் வளைவு. அந்த வளைவே அதன் உயிர். பரமசிவத்தின் கண்ணுக்கோ அது குற்றமாகத் தோன்றியது.

அப்படித் தோன்றியதற்கு அவர் மட்டுமே பொறுப்பல்லர். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண் பொல்லாதது. சீமையிலிருந்து வந்திறங்கிய மாபெரும் சக்கர இயந்திரங்களின் வாளிப் பற்கள் அம்மண்ணில் தேய்ந்து மழுங்கின. நம்மவர் அப்பற்களைத் தடிப்பாக்கி, எஃகுப் பூச்சு ஏற்றி, மண்ணை வென்றனர். அந்த வெற்றி மெய்யானது, போற்றத்தக்கது. அதிலிருந்து பரமசிவம் கற்றுக்கொண்டதோ ஒற்றைச் சூத்திரம்: சீமைச் சரக்கு எதுவாயினும் நம்மூருக்குப் போதாது, தடிப்பாக்கு. இதே சூத்திரத்தைக் கொண்டு அவர் ஏற்கெனவே ஒரு பிரஷர் குக்கரையும் மனைவியின் தையல் இயந்திரத்தையும் சாகடித்திருந்தார்.

ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்த கலியமூர்த்தியை வீட்டுக்கு வரவழைத்தார். கம்மாபுரத்துக்காரன். முன்னாள் அதிகாரி எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு படி ஏறி ஆமோதிப்பதே அவன் இயல்பு.

"இன்னா சார் இது, வெளக்குமாத்துக் குச்சியாட்டம் இருக்குது? ஒரு வெரால் மாட்டுனா ரெண்டா பூடுங்களே!"

"அதுக்குத்தான்யா கூப்பிட்டேன். உள்ளே முழு நீளத்துக்கு ஒரு ஸ்டீல் ராடு விடு. ஜாயிண்டுல பித்தளைப் பூண் போடு."

"நீங்க சொல்லிட்டீங்க இல்ல, மொதலையே வந்து தொங்குனாலும் அசையாம பண்ணிக்கினு வரேன். இந்த நைலான் நூலு?"

"நம்பிக்கையில்ல."

"சைக்கிள் பிரேக் கம்பி போட்டுடலாங்களா?"

"பேஷ்!" என்றார் பரமசிவம். ஓய்வுக்குப் பின் அவர் வாயில் அச்சொல் வந்தது அதுவே முதல் முறை.

மூன்றாம் நாள் கோல் கடப்பாரையாகித் திரும்பி வந்தது. இறகு ஈயை மெலிந்த முள்ளிலிருந்து பிரித்து, பெரிய முள்ளில் கட்டித் தந்திருந்தான் கலியமூர்த்தி. ஈ இப்போது சிட்டுக்குருவி அளவு இருந்தது.

சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் ஓடும் வாய்க்காலின் கரையில் ஒத்திகை தொடங்கியது. பரமசிவம் காலை அகட்டி நின்று, கோலைப் பின்னே ஓங்கி, முன்னே வீசினார். முள் முன்னே வரவில்லை. பின்னால் மேய்ந்துகொண்டிருந்த எருமையின் காதில் அது தங்கிவிட்டது. எருமை ஓடியது, கோலைப் பற்றியவரும் கூடவே ஓடினார். எருமைக்குரிய விருத்தாம்பாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏன் சாரே, மீனு புடிக்கிறீங்களா, எரும புடிக்கிறீங்களா?"

"தள்ளி ஓட்டிக்கிட்டுப் போம்மா! ப்ராக்டிஸ் நடக்குறது கண்ணுக்குத் தெரியலையா?"

"காது குத்தறதுன்னா ஆசாரிய இட்டாந்து குத்திக்கிறேன். தோடு நீங்க எடுத்துக் குடுங்க, போதும்."

முள்ளை அவளே கழற்றிக் கரையில் எறிந்துவிட்டுப் போனாள். நாணம் உடையவராயின் தூண்டிலை அன்றே வாய்க்காலில் விட்டிருப்பார். பரமசிவம் முழங்காலில் ஒட்டிய சேற்றோடு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் முகம் மலரச் சொன்னார்: "எருமை இழுத்தும் கம்பி அறல. லோடு டெஸ்ட் பாஸ்!"

சித்திரையில் கணவனும் மனைவியும் குன்னூர் சேர்ந்தனர். சுப்புலட்சுமி பேரனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் தங்கினாள். குழந்தைவேலும் பரமசிவமும் அவலாஞ்சிக்குப் புறப்பட்டனர். உணவு பரிமாற விஜயகுமாரியும் உடன் சென்றாள். பிடிக்கும் மீன் ஜீப் ஓட்டும் ராயப்பன் வீட்டுக் குழம்புக்குப் போகும். சம்பந்திகள் இருவரும் இட்லி உண்பார்கள். தாம் உண்ணாத உயிரைப் பதைக்கச் செய்து பார்ப்பதற்கு இத்தனை ஏற்பாடு.

ஓடைக்கரையில் பரமசிவம் உறையைக் கழற்றியதும் குழந்தைவேல் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன சம்பந்தி, கொடிக்கம்பம் கொண்டாந்திருக்கீங்க?"

"ஜெர்மன் மாடல். ஹெவி டியூட்டி."

பரமசிவத்தின் உள்ளத்தில் ஒரே வேண்டுதல் இருந்தது: மீன் எதுவும் அகப்படலாகாது. அகப்படாவிட்டால் நீரைப் பழிக்கலாம், வெயிலைப் பழிக்கலாம். உற்பத்தி இலக்கு தவறிய மாதங்களில் மழையின் மேல் பழி போட்டுப் பதவி உயர்வே பெற்றவர் அவர். ஆகவே கல் விழுவதுபோல் ஓசையெழத் தூண்டிலை வீசி, ஓடையில் இருந்த மீன்களையெல்லாம் எச்சரித்துக்கொண்டிருந்தார். எல்லா எச்சரிக்கையையும் மீறும் மூடர் எக்குலத்திலும் உண்டு. அப்படியொரு டிரவுட் வந்து, அந்தச் சிட்டுக்குருவியைக் கவ்விற்று.

வளையாத கோல் மீனை இழுக்கவில்லை, எறிந்தது. மீன் பரமசிவத்தின் தலைக்குமேல் பறந்து, விஜயகுமாரி விரித்திருந்த சமுக்காளத்தில், சட்னிக் கிண்ணத்தின் அருகே விழுந்து துள்ளியது.

"அடடா!" குழந்தைவேல் மெய்யாகவே மகிழ்ந்தார். "அரைக் கிலோ தேறும் சம்பந்தி! பாவம், துடிக்குது. முள்ளைக் கழத்துங்க."

பரமசிவம் குனிந்தார். கைக்குட்டையை எடுத்துக் கையில் சுற்றினார். நீட்டிய கைக்கும் மீனுக்கும் இடையே ஒரு சாண் தொலைவு இருந்தது. அவருடைய முன்னோர் அனைவரும் அந்தச் சாணில் நின்று தடுத்தனர். மீன் ஒருமுறை புரண்டு, ஈர வாலால் அவர் புறங்கையில் அறைந்தது.

"ஐயோ, அம்மா!"

துணைத் தலைமைப் பொறியாளர் பின்னால் துள்ளி, ராயப்பன் மேல் போய் விழுந்தார். தூக்கி நிறுத்திய ராயப்பன் சிரிப்பை அடக்குவதற்காகத் துண்டை வாயில் வைத்துக்கொண்டான்.

குழந்தைவேல் மண்டியிட்டு, மீனின் செவுளைப் பிடித்து, ஒரே திருப்பில் முள்ளைக் கழற்றினார். பிறகு அந்த முள்ளையும், பிரேக் கம்பியையும், பித்தளைப் பூண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஜெர்மனியில ஞாயித்துக்கிழமை தவறாம யாரு கழத்துவா, சம்பந்தி?"

"அங்க... அதுக்குன்னு தனியா ஆள் போட்டிருப்பாங்க."

குழந்தைவேல் தலையசைத்தார். கையைக் கழுவி, துடைத்து, சமுக்காளத்தின் மறுமுனையில் அமர்ந்து, இட்லியை விண்டுகொண்டே கேட்டார். குரலில் சினம் இல்லை.

"பொண்ணு பி.எஸ்ஸி. பாஸுன்னு சொன்னீங்களே. அதாச்சும் நெசந்தானா?"

பரமசிவம் வாய் திறக்குமுன் விஜயகுமாரி சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சர்டிபிகேட் பெட்டியிலதான் இருக்கு மாமா. வீட்டுக்குப் போனதும் எடுத்துக் காட்டுதேன்."

காட்டவும் செய்தாள். குழந்தைவேல் மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, முத்திரைவரை படித்து, திருப்பிக் கொடுத்தார். கூடத்தில் மாமியார் இருந்தாள், கொழுந்தன் இருந்தான். சுப்புலட்சுமி பேரனை மடியில் இறுக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அதன்பின் அவரைப் பார்ப்பதையும் விட்டாள்.

சற்றுப் பொறுத்து விஜயகுமாரி எல்லாருக்கும் காப்பி கொண்டு வந்தாள். ஒவ்வொருவர் கையிலும் டம்ளரைக் கொடுத்தாள். தந்தையினுடையதை மட்டும் அவரருகே சன்னல் திண்டில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பாராமல் உள்ளே சென்றாள்.